சருகுக்கு நடுவே 151 ஆண்டுகள்

1866ஆம் ஆண்டு, சரவாக்கின் கூச்சிங் நகரத்தை ஒட்டிய மாத்தாங் மலைக்காட்டில், ஒடோர்டோ பெக்காரி என்ற இத்தாலியத் தாவரவியலாளர் ஒரு செடியைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 22. செடி என்று சொன்னால் நம் மனசில் வரும் எதுவும் அதில் இல்லை. இலை இல்லை, பச்சை நிறம் இல்லை. சருகுக்கு மேலே ஒரு சாண்கூட எழும்பாத வெளிறிய தண்டு, அதன் உச்சியில் ஒரு பூ. பூவின் தலையிலிருந்து நூல் போன்ற மூன்று கொம்புகள் நேராக மேலே நீண்டிருந்தன. கடலுக்கு அடியில் இருக்க வேண்டிய உயிர் ஒன்று வழி தவறிக் காட்டுக்குள் வந்தது போன்ற தோற்றம். பெக்காரி அதை வரைந்துகொண்டார். 12 ஆண்டுகள் கழித்து, 1878இல், ‘திஸ்மியா நெப்டியூனிஸ்’ என்று ரோமானியக் கடல் தேவனின் பெயரைச் சேர்த்துப் பதிப்பித்தார்.

அதற்குப் பிறகு அந்தச் செடியைப் பார்த்ததாக யாருமே பதிவு செய்யவில்லை. 2017 ஜனவரியில், செக் நாட்டு ஆய்வாளர்கள் நான்கு பேர் அதே மாத்தாங் காட்டில் அதை மறுபடி கண்டுபிடித்தார்கள். 151 ஆண்டுகள். 2018இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையில்தான் அந்தச் செடியின் முதல் புகைப்படத்தை உலகம் பார்த்தது. பெக்காரியின் பழைய ஓவியத்தை அந்தப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே மூன்று கொம்புகள், அதே வளைவு. இடைப்பட்ட காலம் முழுக்க இந்தச் செடிக்கு அந்த ஓவியமும் ஒரு லத்தீன் விவரிப்பும்தான் அடையாள அட்டை.

நான் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். உற்பத்தி வரிசையில் ஓடி வரும் சர்க்யூட் போர்டுகளைக் கேமரா மூலம் சோதிக்கும் பிரிவு. எங்கள் வேலையில் ஒரு பாலபாடம் உண்டு. கேமரா சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடலாம், வெளிச்சம் சரியில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. சனி, ஞாயிறுகளில் காட்டுத் தரையில் படுத்துச் சின்னச் செடிகளைப் படம் எடுக்கிறேன். அதனால் இந்த 151 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு வந்த கேள்வி கொஞ்சம் தொழில்சார்ந்த கேள்வி. ஒரு செடி மேல் வெளிச்சம் விழ ஏன் இவ்வளவு காலம் ஆனது?

முதல் காரணம் செடியே. திஸ்மியா பேரினத்தில் எந்த இனத்துக்கும் பச்சையம் கிடையாது. சூரிய ஒளியில் அது சமைத்துச் சாப்பிடுவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சையிடமிருந்து உணவை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பூஞ்சையோ மரங்களின் வேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறது. ஆக, மேலே 40 மீட்டர் உயரத்தில் ஓர் இலை சமைத்த சாப்பாடு, வேர் வழியாக, பூஞ்சை வழியாக, கடைசியில் இந்தப் பூவுக்கு வந்து சேருகிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மண்ணுக்கு அடியிலேயே இருக்கும். பூக்கும் சில நாட்கள் மட்டும் சருகை விலக்கித் தலை காட்டும். அந்த நாட்களில், அந்த இடத்தில், தரையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நடந்தால்தான் உண்டு.

இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்த கதை நம் ஊரில் வந்து முடிகிறது. வில்லியம் கிரிஃபித் என்ற ஆங்கிலேயர் 1832இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக மதராஸில் வந்து இறங்கினார். மருத்துவம் பிழைப்பு, செடி பைத்தியம். பர்மா, அஸ்ஸாம், பூட்டான், ஆப்கானிஸ்தான் என்று அலைந்தார். பர்மாவின் டெனாசெரிம் பகுதியில் கிடைத்த இலையில்லாச் செடி ஒன்றுக்கு அவர் ‘திஸ்மியா’ என்று பெயர் வைத்தார். தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில நுண்ணோக்கி நிபுணர் ஒருவர் இருந்தார். அவருடைய ‘ஸ்மித்’ என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப்போட்டு உண்டாக்கிய சொல்தான் இது. உருப்பெருக்கிக்குள் கண்ணை வைத்து வாழ்ந்த ஒருவரின் பெயர், உற்றுப் பார்க்காவிட்டால் கண்ணில் படாத செடிக்கு. கிரிஃபித் 1845 பிப்ரவரியில் மலாக்காவில் ஈரல் நோயால் இறந்தார். வயது 34.

இரண்டாவது காரணம் வெளிச்சம். காட்டுக்குள் இருட்டு என்று சும்மா சொல்லிவிட்டுப் போனால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு வந்து சேரும் ஒளி, வெட்டவெளியில் விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. சில இடங்களில் இரண்டு பங்கு, சில இடங்களில் அதற்கும் கீழே. நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100 வைத்து, லென்ஸின் துவாரத்தை எஃப் 16 என்று சுருக்கினால், விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்தால் போதும். ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு இது. அதே படத்தைக் காட்டுத் தரையில் எடுக்க ஒரு விநாடி வேண்டும். செடியை அதன் உண்மையான அளவில் படச்சுருளில் விழ வைக்க வேண்டும் என்றால் லென்ஸை முன்னால் நீட்ட வேண்டும். அதில் ஒளி இன்னும் நாலில் ஒரு பங்காகக் குறையும். இப்போது நான்கு விநாடி.

பெக்காரி சரவாக்கில் இருந்த காலத்தில் புகைப்படம் என்றால் ஈரக் கொலோடியன் தகடு. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் திரவத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் விட வேண்டும். இன்றைய அளவுகோலில் அதன் உணர்திறன் ஐஎஸ்ஓ 1க்குப் பக்கத்தில். நான்கு விநாடியை நூறால் பெருக்கினால் 400 விநாடி, கிட்டத்தட்ட ஏழு நிமிடம். தகட்டின் ஈரம் தாங்குவதோ சுமார் பத்து நிமிடம். இதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. கொலோடியன் தகட்டுக்கு நீலமும் ஊதாவும் மட்டுமே தெரியும், பச்சை தெரியாது. மேலே இருக்கும் இலைகள் நீலத்தையும் சிவப்பையும் தின்றுவிட்டுப் பச்சையைத்தான் கீழே விடுகின்றன. காட்டுத் தரையில் இருக்கும் வெளிச்சம், அந்தத் தகட்டுக்குத் தெரியாத வெளிச்சம். துவாரத்தை அகலமாகத் திறந்தால் நேரம் குறையும். ஆனால் பூவின் ஒரு இதழ் மட்டும் தெளிவாக விழுந்து மற்றது எல்லாம் பனிமூட்டம் ஆகிவிடும்.

இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், கண்ணாடித் தகடுகள் எல்லாவற்றையும் மாத்தாங் மலை மேல் சுமந்து ஏற்றி, ஒரு சாண் செடிக்கு முன்னால் ஏழெட்டு நிமிடம் மூச்சடக்கி உட்கார்ந்தாலும் படம் விழுந்திருக்காது. பென்சில்தான் அன்றைக்கு இருந்ததிலேயே நல்ல கேமரா.

இத்தோடு கதை முடிந்தது, எல்லாம் கருவியின் குறை, என்று நானும் கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். அதை மாற்றியது ஒரு பிரமிடு. பெக்காரி சரவாக்குக்கு வந்து சேர்ந்த அதே 1865ஆம் ஆண்டு, பியாஸி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து வானியலாளர் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் போய் மெக்னீசியம் எரித்து, அந்த வெளிச்சத்தில் உள்ளறைகளைப் படம் எடுத்திருக்கிறார். மெக்னீசியத்தின் வெளிச்சத்தில் கொலோடியனுக்குப் பிடித்த நீலமும் ஊதாவும் நிறையவே இருக்கும். அதாவது, சூரியனே எட்டாத கல்லறைக்குள் கொண்டுபோக ஒரு வெளிச்சம் அப்போதே இருந்தது. ராஜாவின் கல்லறைக்கு அதைச் செலவழிக்க மனசு வந்தது. மழைக்காட்டுச் சருகில் பூத்த ஒன்றுக்கு அந்தச் செலவைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

கருவி ஒரு பக்கம். எதன் மேல் வெளிச்சம் போடலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பது மறுபக்கம். இந்த வரலாற்றை அப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகு எனக்குப் பல விஷயங்கள் வேறு மாதிரி தெரிந்தன.

படம் இல்லாத காலத்தில் செடிகளைக் காப்பாற்ற இரண்டு வழி இருந்தது. ஒன்று உலர வைப்பது. செடியைத் தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, ஊர், தேதி எழுதி அலமாரியில் அடுக்குவது. மரக்கிளைக்கும் புல்லுக்கும் இது அருமையான முறை. திஸ்மியா போன்ற சதைப்பற்றுள்ள சின்னப் பூவை அழுத்தினால் பழுப்புக் கறை ஒன்று மிஞ்சும். கொம்பு எது, வாய் எது என்று பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு. சாராயத்தில் ஊறவைத்தால் உருவம் நிற்கும், நிறம் போய்விடும். இன்னொரு வழி ஓவியம். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 1890களில் இந்த வேலையைச் செய்தவர்கள் இலங்கையிலிருந்து வந்த டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள். அந்தக் குடும்பம் அதற்கு முன்பே பேராதனைப் பூங்காவுக்காக வரைந்துகொண்டிருந்த குடும்பம். மலாயாவின் செடிகளுக்கு உருவம் கொடுத்த கைகளில் அவர்களுடைய கைகளும் உண்டு. அந்தச் செடிகளின் லத்தீன் பெயர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் பெயர்.

டி அல்விஸ் ஓவியர்களை வேலைக்கு வைத்திருந்த அந்தப் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. மலேசியத் தமிழர்கள் இவரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1888 முதல் 1912 வரை அங்கே பொறுப்பில் இருந்தார். மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி 1922 முதல் 1925 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். திஸ்மியா பேரினத்திலேயே சில இனங்களுக்குப் பெயர் வைத்தவர். நூறு வயது வரை வாழ்ந்தவர். காட்டுத் தரையின் சிறு செடிகளை அவர் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் அன்றைய மலாயாவில் குறைவு.

அதே ரிட்லிதான் ரப்பர் ரிட்லி. பிரேசில் விதையிலிருந்து கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்திருந்தன. அவற்றிலிருந்து பெருகிய மரங்களை வைத்துக்கொண்டு, பட்டையைக் கெடுக்காமல் பால் வெட்டும் முறையை ரிட்லி கண்டறிந்தார். தோட்ட முதலாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் சட்டைப் பையில் ரப்பர் விதையைத் திணித்துவிடுவார் என்று சொல்வார்கள். அவரைப் பைத்தியம் என்றார்கள். 1896இல் மலாக்காவில் தான் சாய் யான் முதன்முதலில் வணிக ரீதியாக ரப்பர் நட்டார். அதற்குப் பிறகு நடந்தது நம் குடும்பங்களின் வரலாறு. தாழ்நிலக் காடு தோட்டமாக மாறியது. மாற்றுவதற்கு ஆள் வேண்டும். கப்பலில் ஆள் வந்தது.

என் பாட்டி கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். நான் காட்டுக்குப் போகிறேன் என்று சொன்னால் இன்னும் அதே கேள்விதான். “காட்டுல என்னடா இருக்கு? அட்டையும் பாம்பும்தானே. எங்க அப்பா அதையெல்லாம் வெட்டிக் கொளுத்தி வெளிச்சம் பண்ணித்தான் நாங்க குடியிருந்தோம்.” வெளிச்சம் பண்ணுவது. என் கொள்ளுத்தாத்தாவின் அகராதியில் காட்டுக்குள் வெளிச்சம் கொண்டுவருவது என்றால் மரத்தை வெட்டிச் சாய்த்து நெருப்பு வைப்பது. அவர் மேல் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கூலிக்குப் பாராங் பிடித்த கை அது. தரையில் என்ன பூத்திருக்கிறது என்று குனிந்து பார்க்க அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பார்க்கச் சம்பளம் வாங்கிய ரிட்லியோ, பார்த்துப் பெயர் வைத்துவிட்டு, அடுத்த நிமிடம் அந்தக் காட்டை அழிக்கப்போகிற விதையையும் நீட்டினார். மண்ணில் இருந்த பூஞ்சை வலை மரத்தோடு சேர்ந்து போனது. அதை நம்பி இருந்த இலையில்லாச் செடிகளும் போயிருக்கும். பெயர் வைக்கப்படாமலே போனவை எத்தனை என்பதற்கு யாரிடமும் கணக்கு இருக்க முடியாது.

நம் இலக்கியத்திலும் காடு அப்படித்தான் வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கித்தா மரம், பால் வாளி, கங்காணி, லயம், தோட்டத் துண்டாடல் எல்லாம் நம் கதைகளில் சதையும் ரத்தமுமாக இருக்கின்றன. தோட்டத்துக்கு முன்னால் அங்கே இருந்த காடு பெரும்பாலும் ஒரு பயமாக, ஓர் எல்லையாக, கதையின் ஓரத்தில் நிற்கிறது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. பட்டினியோடும் மலேரியாவோடும் வந்தவனுக்குக் காடு அழகாகத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நானும் என் வயதுக்காரர்களும் அந்தப் பயத்தை மட்டும் வாரிசாக வாங்கி வைத்துக்கொண்டு, ஷாப்பிங் மால் குளிரில் வளர்ந்துவிட்டோம்.

காட்டுத் தரையின் வெளிச்சத்தையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்ட ஒருவர் 1970களில் நம் மலாயா பல்கலைக்கழகத்தில் இருந்தார். டேவிட் லீ என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். நம் காடுகளில் செலாஜினெல்லா வில்டனோவி என்று ஒரு செடி உண்டு. பெரணிக்குத் தூரத்துச் சொந்தம். நிழலில் மயில்கழுத்து நீலமாக மினுங்கும். பறித்துப் பிழிந்தால் நீலச் சாயம் எதுவும் வராது. லீயும் அவருடைய சகா லோரியும் 1975இல் நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். நீலம் சாயத்தால் வருவதில்லை. சோப்புக் குமிழியில் நிறம் தெரிவதைப் போல, இலையின் மேல்தோலில் இருக்கும் மிக மெல்லிய படலம் ஒளியைப் பிரதிபலிக்கும் விதத்தால் வருகிறது. இலை நனைந்தால் நீலம் மறைந்துவிடும். கேமரன் மலைப் பக்கத்தில் வளரும் மயில் பிகோனியாவின் நீலத்துக்குக் காரணம் வேறு. அதன் மேல்தோலில் இருக்கும் பச்சையக் கணிகங்களின் அடுக்குகள் ஒளிப் படிகம் போல வேலை செய்து, நீலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, காட்டுத் தரையில் மிஞ்சியிருக்கும் பச்சை ஒளியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன என்று 2016இல் பிரிட்டனின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கொலோடியன் தகட்டுக்குத் தெரியாமல் போன அதே பச்சை ஒளியை இந்தச் செடி சாப்பிட்டு வாழ்கிறது.

இந்த நீலத்தைப் படம் எடுப்பது தனிக்கலை. மேலே நின்று பார்த்தால் ஏதோ ஒரு பச்சைச் செடி. முழங்கால் போட்டு, டார்ச்சை நம் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துச் சாய்த்துக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு கோணத்தில் சட்டென்று நீலம் எரியும். உலர்ந்த மாதிரியில் அதைத் தேடிப் பயனில்லை. உயிரோடு, அதன் இடத்தில், சரியான கோணத்தில் வெளிச்சம் போட்டால்தான் அந்தச் செடி என்ன என்பதே தெரிய வருகிறது.

இன்றைக்குக் கருவி ஒரு தடை இல்லை. கொலோடியனுக்கு ஏழு நிமிடம் கேட்ட காட்சியைச் சாதாரணக் கேமராவும் சின்ன எல்இடி விளக்கும் சில விநாடிகளில் முடித்துவிடும். மிச்சம் இருப்பது ஆழப் பிரச்சினை. உண்மை அளவில் எடுக்கும்போது, எஃப் 16 வைத்தாலும் தெளிவாக விழுவது இரண்டு மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே. பூவின் ஆழம் அதைவிட அதிகம். ஆகவே டிரைபாடில் கேமராவை அசையாமல் வைத்து, ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்தி, இருபது முப்பது படம் எடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்க வேண்டும். காரின் ஏர்கான் குளிரிலிருந்து வெளியே எடுத்த லென்ஸ் காட்டுப் புழுக்கத்தில் வியர்த்துவிடும், அது தெளியக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒளிக்கு முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால் நிழல் மென்மையாகும். அட்டை ஏறும், ஏறட்டும். தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுக்குச் செய்கிற அதே வேலைதான். இங்கே பொருள் உயிரோடு இருக்கிறது.

கருவி எல்லார் கைக்கும் வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். 2019இல் திரெங்கானு மாநிலத்தின் சாருட் மலைப் பக்கத்துக் காட்டில் டோம் நிகோங் என்ற உள்ளூர் இயற்கை ஆர்வலர் ஒரு புதிய திஸ்மியாவைக் கண்டார். 2021இல் கெப்போங் வன ஆய்வு நிலையத்தின் சித்தி முனிரா, ஆக்ஸ்ஃபோர்ட் தாவரவியல் பூங்காவின் கிறிஸ் தோரோகுட் ஆகியோருடன் சேர்ந்து அதைப் பதிப்பித்தார். பெயர் திஸ்மியா சித்திமெரியாமியே. சித்தி மெரியாம் என்பது டோம் நிகோங்கின் அம்மா பெயர். ஓர் உள்ளூர் மகன், தன் காட்டில் தான் கண்ட பூவுக்குத் தன் அம்மா பெயர் கிடைக்கச் செய்திருக்கிறார். ரிட்லி காலத்துப் பெயர்ப் பட்டியலைப் படித்துவிட்டு இதைப் படிக்கும்போது மனசு நிறைகிறது. ஆனால் அந்த இடத்துக்கு மறுபடி போனபோது காட்டுப் பன்றிகள் தரையைக் கிளறிப் போட்டிருந்தன. மிஞ்சி இருந்தது ஒரே ஒரு செடி.

அடுத்தது நமக்கு இன்னும் பக்கம். உலு லங்காட்டில் இருக்கும் சுங்கை சொங்காக் உங்களில் பலருக்குத் தெரிந்த இடமாக இருக்கும். கோலாலம்பூர்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை பாய், பானை, பிளாஸ்டிக் நாற்காலியோடு குளிக்கப் போகும் ஆறு. அங்கே 2023இல் இயற்கை ஆர்வலர் ஒருவரின் கண்ணில் ஒரு திஸ்மியா பட்டது. மரத்தின் பட்டை வேருக்குப் பக்கத்தில், சருகுக்குள், சின்னக் குடை பிடித்தாற்போல. 2025இல் அது திஸ்மியா செலாங்கோரென்சிஸ் என்ற புதிய இனமாகப் பதிவானது. இதுவரை தெரிந்த செடிகள் இருபதுக்கும் குறைவு. ஆழ்காட்டில், ஹெலிகாப்டரில் போய்த் தேட வேண்டிய இடத்தில் அது கிடைக்கவில்லை. நாம் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஆற்றில் இறங்குகிற இடத்தில் கிடைத்தது. நாம் அதன் பக்கத்திலேயே பல ஆண்டுகளாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கலாம்.

இங்கேதான் என் தொழிலின் பாலபாடம் எனக்கே கசக்கிறது. வெளிச்சம் போட்டால் தெரியும் என்பது சரி. யாருக்குத் தெரியும்? ஒரு நல்ல படம் வெளியானால் அதைப் பார்த்துப் பத்துப் பேர் வருவார்கள். பத்துப் பேரும் நல்லவர்களாகவே இருந்தாலும் இருபது முழங்கால், இருபது முழங்கை. இவ்வகைச் செடியின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. பூவை மிதிக்காமல் இருந்தால் போதாது, பக்கத்து மண்ணை அமுக்கினாலும் சேதம் சேதம்தான். திஸ்மியாவைத் தொட்டியில் வளர்த்து விற்க முடியாது என்பதால் திருடர் தொல்லை குறைவு. இலை நரம்பு தங்கக் கம்பி போல ஜொலிக்கும் மக்கோடஸ் ஆர்க்கிட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவை காட்டிலிருந்து பிடுங்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. இடம் தெரியும்படி போடப்பட்ட ஒரு படம் விற்கிறவனுக்கு வரைபடம். அறிவியல் கட்டுரைகளே இப்போது அருகிய இனங்களின் துல்லியமான இடத்தை எழுதாமல் விடுகின்றன.

அப்படியானால் படமே எடுக்கக் கூடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். எடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. 151 ஆண்டுகள் யாரும் பார்க்காமல் இருந்ததால் மாத்தாங் காட்டுச் செடிக்குப் பெரிதாகப் பாதுகாப்பு கிடைத்துவிடவில்லை. அது இருக்கிறது என்பதே தெரியாமல் ஒரு சாலை அதன் மேல் போயிருந்தாலும் யாருக்கும் நஷ்டக் கணக்கு வந்திருக்காது. ரப்பர் வந்த காலத்தில் அப்படித்தான் போயின. இருக்கிறது என்று காட்ட ஒரு படம் இருந்தால்தான், ஒரு பாதையை இரண்டு மீட்டர் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்க முடியும். சொங்காக்கில் இன்றைக்கு ஒருவர் அப்படிக் கேட்கலாம். 2022இல் கேட்டிருக்க முடியாது.

ஆகவே எனக்கென்று சில விதிகள் வைத்திருக்கிறேன். படுப்பதற்கு முன் அந்த இடத்தை இரண்டு நிமிடம் டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஒன்று கண்ணில் பட்டால் பக்கத்தில் இன்னும் இரண்டு ஒளிந்திருக்கும். படம் அழகாக வர வேண்டும் என்பதற்காகச் சருகை விலக்க மாட்டேன். அந்தச் சருகுதான் அதன் வீடு. கைப்பேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுவேன். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் இடத்தை மங்கலாக்கிப் போடும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துவேன். அடையாளம் தெரியாத ஒன்று கிடைத்தால் முதலில் வன ஆய்வு நிலையத்து ஆட்களுக்குத்தான் அனுப்புவேன், ஊருக்கு அப்புறம்.

போன மாதம் பாட்டியிடம் மயில் பிகோனியா படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இது பெயின்ட் அடிச்சதா?” என்றார். இல்லை பாட்டி, நிஜச் செடி, தரையிலேயே இருக்கும் என்றேன். “நாங்க இருந்த பக்கமும் இருந்திருக்குமா?” என்று கேட்டார். அந்த பிகோனியா மலைச் செடி, அவருடைய ஊர் தாழ்நிலம். ஆனால் நீலச் செலாஜினெல்லா தாழ்நிலக் காட்டிலும் வளரும். இருந்திருக்கலாம் பாட்டி என்றேன். அவர் படத்தைத் திருப்பித் தரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் காட்ட எடுத்து வைத்துக்கொண்டார்.

சொங்காக்கில் தெரிந்த செடிகள் இருபதுக்கும் குறைவு. அடுத்த முறை அங்கே போனால், பாயை விரிப்பதற்கு முன்னால் மரத்தடியில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள்.